முத்துக்குளித்துறையும் படக்கலை மாணவனும்

1961ஆம் ஆண்டில் தூத்துக்குடியைச் சார்ந்த இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ம. பொ. சிவஞானம் எழுதிய சரித்திரத்தைத் தழுவி, பி. ஆர். பந்துலு இயக்க, சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரம் பிள்ளையாகத் தோன்றிய ‘கப்பலோட்டிய தமிழன்’ அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளிவந்து, இவ்வூரின் பெயரைத் தமிழ்நாட்டின் கொட்டகைகளிலெல்லாம் ஒலிக்கச் செய்தது ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளாக, இடையிடையே அற்றுப்போயும் மீண்டும் துளிர்த்தும் இக்கடலில் நடந்துவந்ததும், 1955இல் புத்துயிர் பெற்றுச் சில பருவங்கள் செழித்ததுமான முத்துக்குளிப்பு, அவ்வாண்டோடு நின்றுபோனது மற்றொன்று. முன்னதை லட்சோபலட்சம் பேர் கண்டனர். பின்னது, கரையில் கூடாரமடித்திருந்த வியாபாரிகளும் கணக்கெழுதிய அரசு உத்தியோகஸ்தர்களும் கல்லைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய குளிகாரர்களும் அன்றி வேறொருவரும் அறியாத செய்தியாக முடிந்தது. அந்தக் குளிகாரர்களுக்குமேகூட அதுதான் கடைசிப் பருவம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த பங்குனியில் முத்துப்படுகைகளைச் சோதித்துவிட்டு மறுபடியும் அழைப்பார்கள் என்றே எண்ணியிருப்பார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1967இல், கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ படத்தில், முத்துக்குளிக்க வருமாறு அழைக்கும் பாட்டொன்று வெளிவந்து நாடெங்கும் பிரசித்தி பெற்றது. டி. எம். சௌந்தரராஜனும் எல். ஆர். ஈஸ்வரியும் பாடிய அந்த உற்சாகமான பாட்டை இலங்கை வானொலியில் கேட்டு இக்கரையின் சிறுவர்களும் முணுமுணுத்தார்கள். பாட்டு அழைத்த தொழில் அப்போது இல்லை. திரைப்படத்தைப் பழிப்பதற்காக இதை நான் சொல்லவில்லை. களிப்பூட்டும் கதைப்படத்துக்கு அதன் தர்மம் ஒன்று உண்டு, அதை அது குறைவற நிறைவேற்றியது. ஆயினும் ஒரு தொழில் மறைந்துகொண்டிருந்த வேளையில், அதன் இசையைத் தவிர அதன் உருவத்தையும் உழைப்பையும் உழைத்தவரின் சொல்லையும் காத்துவைக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இன்று தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் சென்னைத் தரமணியிலும் படக்கலை பயின்று, விடுமுறைக்கு ஊர் திரும்பி, படக்கருவியும் ஒலிவாங்கியுமாகப் பழைய துறைமுகத்தைச் சுற்றிவருகிற இளைஞர்களைக் காணும்போது, அக்கேள்வியை அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு மிகுதியாக உண்டாகிறது.

அவர்களுள் பலர், எதைப் படமாக்குவது என்று கேட்கிறார்கள். குறும்படம் ஒன்றுக்குக் கதை வேண்டும், விழாவுக்கு அனுப்பத் தக்க விஷயம் வேண்டும், தேர்வுக்குக் காட்ட ஒரு படைப்பு வேண்டும் என்பவை அவர்களுடைய நியாயமான கவலைகள். எனக்குத் தோன்றும் விடை ஒன்றே: மறைந்துகொண்டிருப்பதை, அது மறைவதற்கு முன்னே, அவசரமின்றியும் ஆனால் காலந்தாழ்த்தாமலும் பதிவு செய்வதுதான் இக்கரையில் பிறந்த மாணவனின் முதற்கடமை; கற்பனை அதற்குப் பிறகு தானே வந்து சேரும். இவ்விடை வெறும் உபதேசமாகத் தோன்றாமல் இருக்க வேண்டுமானால், நாம் எதை இழந்தோம் என்பதையும், இழக்காமல் காத்தவர் ஒருவர் எவ்வாறு காத்தார் என்பதையும் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

கச்சான் காற்று வீறுகொள்வதற்கு முன், கடல் கண்ணாடிபோல் தெளிந்து கிடக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே குளிப்புக்கு உரிய பருவம். நள்ளிரவில் தரைக்காற்று எழும்போது தோணிகள் பாய் விரித்துப் புறப்பட்டு, பொழுது விடியுமுன் பாரை அடையும். பார் என்பது சிப்பிகள் பற்றிப் படர்ந்து வாழும் கடலடிப் பாறைத்தளம். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். பதினைந்து கிலோவுக்குக் குறையாத கல்லொன்றில் கால் பதித்து, மூக்கை அடைத்துக்கொண்டு, குளிகாரர் கயிற்றோடு நேரே கீழிறங்குவார். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிட, மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிஷம் அளவே நீடிக்கும் அந்த மூச்சுக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் இட்டு, கயிற்றை ஒரு முறை சுண்டினால், மேலிருப்பவர் விரைந்து இழுக்க வேண்டும். ஒரு கல்லுக்கு இருவர் என்று முறை வைத்து, ஒருவர் இளைப்பாற மற்றவர் இறங்க, நண்பகலில் கடற்காற்று திரும்பும் வரை இது நடக்கும். கயிறு பிடிப்பவன் மைத்துனனாகத்தான் இருப்பான், தமக்கையின் தாலி அவன் கையில் இருப்பதால், என்று இக்கரையில் சொல்வது வழக்கம். குளிகாரருள் தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தனர். கிறிஸ்தவர்களே மிகுதியாகக் குளித்த காலத்திலும், சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ என்ற இந்து மாந்திரீகருக்குப் பங்கு கொடுக்கப்பட்டு வந்தது என்பதைப் பழைய ஆங்கிலேய அதிகாரிகளே எழுதிவைத்திருக்கிறார்கள். அச்சம் எல்லா மதத்தாருக்கும் பொது. கடலில் இறங்குபவர் தம்மைக் காக்கும் எந்தத் துணையையும் தள்ளுவதில்லை.

கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் குவியலாகப் பிரிப்பார்கள். பழைய ஏற்பாட்டின்படி மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கு குளிகாரருக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். வாங்குபவர் எவருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஒரு சிப்பியிலும் முத்தில்லாமற் போகலாம், ஒன்றில் வாழ்நாளுக்கும் போதுமான முத்து இருக்கலாம். பின்னர்ச் சிப்பிகளை அழுகவிட்டு, புழு அரித்துத் தசை கரைந்தபின் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் அதனூடே பரபரத்த சந்தையையும் ஒருங்கே கற்பனை செய்து பாருங்கள்: மணப்பெண்ணின் கழுத்தில் வெண்மையாக ஒளிரும் பொருள், எத்தகைய துர்க்கந்தத்தைக் கடந்து வந்தது! இதில் ஒவ்வொரு கட்டமும் காட்சி. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மனிதன் தன் உயிரையோ பணத்தையோ பணயம் வைக்கிறான். திரைக்கதை ஆசிரியன் ஒருவன் முயன்று புனைந்தாலும் இவ்வளவு செறிவைப் படைக்க மாட்டான்.

இத்துறையைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வழிகாட்டி நூலொன்று, கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுக்கப்பட்டது என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, குளிகாரரையும் மீனை மயக்கும் மந்திரவாதிகளையும் வர்ணித்தார். ஆங்கிலேயர் காலத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற கடலியல் அறிஞர் மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளைப் பற்றி விரிவான நூலே இயற்றினார். அவருடைய சிரத்தைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பாரிஸ் நகரில் 1863இல் ஜார்ஜ் பிஸே அரங்கேற்றிய ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகம் இலங்கைக் கரையில் நிகழ்வதாக அமைந்தது. அந்தக் கதையை முதலில் மெக்சிகோவில் நிகழ்வதாக எண்ணிப் பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள் என்பதை அறியும்போது, தொலைவிலிருந்த கலைஞனுக்கு இக்கரை ஒரு வண்ணத்திரை மட்டுமே என்பது விளங்கும். கிரேக்கன், வெனிஸ்காரன், ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன் என்று எல்லோரும் பார்த்தும் பாராமலும் சொல்லிச் சென்ற இந்நீண்ட வரிசையில், நீருக்கடியில் அந்த ஒரு நிமிஷத்தில் கண்ணுக்கு என்ன தெரிந்தது, காதுக்கு என்ன கேட்டது, கயிற்றைச் சுண்டும் முன் மனம் எதை நினைத்தது என்று குளித்தவரே சொன்ன சொல் அரிதினும் அரிது.

இத்தனைக்கும், சொல்லைப் பெருக்கிக் காக்கும் கருவியைத் தமிழுலகில் முதன்முதல் ஆதரித்தவர்கள் இக்கரையார் என்பது நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய செய்தி. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, தமிழெழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல். அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் வாழ்ந்து இக்கரையின் பேச்சைக் கற்றவர். அச்சுக்கான பொருளுதவியை நல்கியவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். முத்தில் ஈட்டிய பணம் எழுத்தாக மாறியது. அச்சு வந்த காலத்தில் பின்தங்காத இக்கரை, அசையும் படம் வந்த காலத்தில் தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளாமல் இருந்துவிட்டது. நாடகத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகளை இவ்வட்டாரம் அளித்தது. திரைக்கு, 1927இல் தூத்துக்குடியில் பிறந்த ஜே. பி. சந்திரபாபுவை அளித்தது. பனிமய மாதாவின் ஊரிலிருந்து போன அந்த மகா கலைஞன், 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்று ஒரு படத்தைத் தானே இயக்கியும் பார்த்தான். கொடுத்தது மிகுதி, திரும்பி வந்தது சொற்பம்.

இனி, காத்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் இக்கரையைச் சேர்ந்தவர் அல்லர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த அ. கருப்பன் செட்டியார், ஏ. கே. செட்டியார் என்று தமிழுலகம் அறிந்தவர். பர்மாவில் ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த அவர், புகைப்படக்கலை பயில வேண்டும் என்ற வேட்கையால் ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் கற்றார். அது போதாதென்று அமெரிக்கா சென்று நியூயார்க்கிலும் பயின்றார். திரைப்படம் என்றால் புராணக் கதைகளும் நாடக மேடையின் பாட்டுகளுமே என்று தமிழ்நாடு எண்ணியிருந்த காலத்தில், செய்திப்படம், ஆவணப்படம் என்ற துறையின் மேல் நாட்டம் கொண்டு கடல் கடந்த முதல் தமிழ் மாணவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, படிப்பை முடித்து நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, அன்று காந்தியடிகளின் பிறந்தநாள் என்ற எண்ணம் எழ, அம்மகானின் வாழ்க்கையை முழுநீள ஆவணப்படமாக ஆக்க வேண்டும் என்ற சங்கல்பம் அட்லாண்டிக் கடலின் நடுவே அவர் உள்ளத்தில் உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிறையவில்லை.

கவனிக்க வேண்டியது அவர் செய்த வேலையின் முறை. காந்தியடிகளை வைத்துப் புதிதாகக் காட்சிகளை ஜோடிக்க அவர் முயலவில்லை. அந்த வாழ்க்கையின் பல்வேறு காலங்களில் உலகின் பல்வேறு இடங்களில் பலர் எடுத்து எங்கெங்கோ போட்டுவைத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் புறப்பட்டார். ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் யாத்திரை செய்து, ஐம்பதினாயிரம் அடி படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடி நீளமுள்ள படத்தை அமைத்தார். பாரிஸில் பயின்ற டாக்டர் பி. வி. பதி போன்ற ஒளிப்பதிவாளர்களின் துணையையும் பெற்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த வேளையில், அரசாங்கம் எந்நேரமும் பறிமுதல் செய்யக்கூடும் என்ற அபாயத்தின் நடுவே, 1940 ஆகஸ்டு 23ஆம் தேதி சென்னை ராக்ஸி கொட்டகையில் தமிழ் விளக்கவுரையுடன் ‘மகாத்மா காந்தி’ வெளியாயிற்று. பிறகு தெலுங்கில் வந்தது. சுதந்திரத்தை ஒட்டி ஹிந்தியில் வந்தது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் பெற்றது. இவ்வளவையும் சாதித்தவர், தம்மைப் பற்றி எழுத நேரும்போதெல்லாம் ஒதுங்கி நின்றார். அவருடைய பிரயாண நூல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: சிறுசிறு வாக்கியங்கள், கண்டதைக் கண்டபடி சொல்லும் நேர்மை, ‘நான்’ என்பது வேண்டிய இடத்தில் மட்டும். 1943 முதல் தம் இறுதி வரை, அதாவது 1983 வரை, அவர் நடத்திய ‘குமரி மலர்’ இதழிலும் பழைய ஆவணங்களையும் மறந்துபோன கட்டுரைகளையும் தேடித்தேடி வெளியிட்டார். படக்கலையில் கற்ற பாடத்தையே பத்திரிகையிலும் அநுசரித்தார் என்று நான் கருதுகிறேன்.

இங்கே தூத்துக்குடிக்காரனாகிய என் நெஞ்சை உறுத்தும் ஒரு காலப்பொருத்தம் உண்டு. வ. உ. சி. இவ்வூரில் கண்மூடியது 1936 நவம்பர் 18இல். செட்டியாருக்கு அந்தச் சங்கல்பம் உதித்தது அடுத்த ஆண்டு. தமிழ்ப் பேசும்படம் பிறந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்த காலத்தில், சுதேசிக் கப்பலை இதே துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஓட்டியவர், வறுமையோடும் நூல்களோடும் நம்மிடையே வாழ்ந்துகொண்டிருந்தார். வறுமையில் வாழும் பெரியவரின் வீட்டுக்குப் படக்கருவியோடு போக வேண்டும் என்ற எண்ணமே அன்றைய திரையுலகில் பிறக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, சிவாஜியின் முகத்தில் அவரைத் தேட வேண்டியதாயிற்று. நடிப்பின் மகிமையால் அந்த முகம் நமக்குக் கிடைத்ததே பெரும் பாக்கியம்தான். ஆனாலும் வயது முதிர்ந்த பெரியவர் ஒருவர் தெருவில் நடந்து போவதைக் காணும் மாணவன், இக்காலப்பொருத்தத்தை ஒரு கணம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

படக்கலை மாணவனுக்கு மற்றோர் எச்சரிக்கையைத் தருவது, படக்கலை மாணவர் ஒருவரே ஆக்கிய படம். சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற ருத்ரய்யா 1978இல் வெளியிட்ட ‘அவள் அப்படித்தான்’ படத்தின் நாயகன் அருண், பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வருபவன். பலரிடமும் கேள்விகள் கேட்டு விடைகளைப் பதிவு செய்கிறான். அவனுக்கு அருகிலேயே வேலை செய்யும் மஞ்சுவின் உள்ளத்தை அவனால் எட்ட முடிவதில்லை. கேள்வி கேட்பது வேறு, கேட்டுக்கொள்வது வேறு என்ற உண்மையை இவ்வளவு கண்டிப்பாகச் சொன்ன தமிழ்ப்படம் பிறிதொன்று எனக்கு நினைவில்லை. ஒலிவாங்கியை நீட்டியவுடன் எவரும் தம் வாழ்க்கையைத் திறந்து காட்டிவிடுவதில்லை. உப்பளத்துப் பாத்தியில், உப்பும் வெயிலும் கண்ணைப் பறிக்க, வெறுங்காலோடு நின்று வாரும் பெண்ணிடம், ‘உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்பவனுக்கு அவள் சொல்லுவது, வந்தவனுக்குப் பிடிக்கும் என்று அவள் கருதும் விடையாகவே இருக்கும். பல நாள் அவளோடு இருந்து, படக்கருவியை எடுக்காமலே வீடு திரும்பிய நாட்களும் கழிந்த பிறகு, கஷ்டத்தை மட்டுமல்லாமல் அவளுக்குத் தெரிந்த வித்தையையும் அவள் சொல்லத் தொடங்குவாள்: நீர் எப்போது முற்றும், எந்தக் காற்றில் உப்பு நன்றாக விளையும், எந்த நிறம் கண்டால் வார வேண்டும் என்பன போன்றவற்றை. தொழிலாளியைத் துயரத்தின் உருவமாக மட்டும் காட்டி, அவருடைய அறிவை மறைத்துவிடும் படங்கள் மிகுந்துவிட்டன. அது தயையின் பெயரால் செய்யப்படும் அநீதி என்பது என் அபிப்பிராயம்.

படக்கருவியின் வலிமையை இவ்வூர் மிகுந்த வேதனையோடு அறிந்த நாளும் உண்டு. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளாகிய 2018 மே 22இல் தொடங்கி நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். தொலைக்காட்சிக்காரர்களும், கைபேசியை உயர்த்திப் பிடித்த சாமானிய ஜனங்களும் எடுத்த படங்களே, என்ன நடந்தது என்பதை உலகுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டின. அடுத்த நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத் தொடர்பு நிறுத்தப்பட்டதே, அப்படங்களுக்கு இருந்த சக்திக்குச் சான்று. பின்னர் அமைந்த விசாரணை ஆணையத்தின் முன்னும் படப்பதிவுகள் சாட்சியாக நின்றன. பிறகு அந்தப் படக்கருவிகளெல்லாம் வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. இறந்தவர்களின் வீடுகளில் வாழ்க்கை தொடர்ந்தது, தொடர்கிறது. செய்தியாளனுக்கு அன்றைய நாளே எல்லை. அது அவன் குற்றமன்று, அவன் தொழிலின் இயல்பு. அந்த எல்லைக்கு அப்பால், ஆண்டுகள் கழிந்தபின், அதே தெருவுக்குத் திரும்பி வருவதற்கு உரிமையும் அவகாசமும் உள்ளவன் மாணவன் ஒருவனே. அவனை எவரும் அவசரப்படுத்துவதில்லை. விளம்பரதாரரும் தயாரிப்பாளரும் அவன் தோளின் மேல் கைபோட்டு நிற்பதில்லை. அந்தச் சுதந்திரம் வாழ்க்கையில் மறுபடி வாய்ப்பதில்லை என்பதை மாணவப் பருவத்திலேயே உணர்ந்தவர்கள் பாக்கியவான்கள்.

இக்கரையின் உள்நாட்டுப் பகுதி தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டது. தாமிரபரணிக் கரையில் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ், 2024இல் வெளிவந்த ‘வாழை’யில், வாழைத்தார் சுமந்த தம் பாலியத்தையே திரையில் வைத்தார். கடற்கரைக்கு நாவலாசிரியர் ஒருவர் கிடைத்தார்: உவரியில் பிறந்து கப்பல் தொழிலில் அநுபவம் பெற்ற ஜோ டி குருஸ். தூத்துக்குடியின் தோணித்தொழிலையும் அதன் குடும்பங்களையும் விரித்துரைத்த அவருடைய ‘கொற்கை’ 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எழுத்தில் இது நிகழ்ந்துவிட்டது. படத்தில் நிகழ வேண்டியது இன்னும் மிகுதி. வரைபடம் என்று ஒன்றில்லாமல் கணக்கை மனத்திலேயே வைத்து மரத்தோணி கட்டிய ஓடாவிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாயும் காற்றும் மட்டும் துணையாகக் கொழும்புக்குத் தோணி செலுத்திய தண்டல்களில் எஞ்சியிருப்பவர்கள், வாடையும் கொண்டலும் கச்சானும் எந்த மாதத்தில் எந்த நேரம் எப்படித் திரும்பும் என்பதைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறையினர். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. அவற்றுள் விலாங்குச்சல்லி நம் தூத்துக்குடிக்கு எதிரே இருந்தது. அதற்குப் பக்கத்திலுள்ள காரியாச்சல்லி கண்ணெதிரே சுருங்கி வருகிறது. அத்தீவில் வலை உலர்த்தி, இரவு தங்கி, சோறு பொங்கித் தின்ற மீனவர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். தீவு மறைந்தபின் அதன் நினைவைப் படமாக்குவதைவிட, தீவு இருக்கும்போதே அவர்களை அங்கே நிறுத்திப் பேசவைப்பது எவ்வளவு மேலானது!

எல்லாவற்றிலும் அவசரமானது குளிகாரரின் சாட்சியம். 1961இல் இருபது வயது இளைஞராகக் கல்லில் கால்வைத்து இறங்கியவருக்கு இன்று எண்பது கடந்திருக்கும். அந்தத் தலைமுறையின் நேர்வாரிசுகளாகச் சங்கு குளிப்போர் இருக்கிறார்கள்; கண்ணாடியும் காற்றுக்குழாயும் வந்தபின் தொழிலின் தோற்றம் மாறினாலும், கடலின் அடித்தரையைத் தம் முற்றத்தைப்போல் அறிந்தவர்கள் அவர்களே. தூத்துக்குடியிலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1973இல் சிப்பிக்குள் கருவைத்து முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டார்கள். இயற்கை முத்துக்கும் வளர்ப்பு முத்துக்கும் இடையே கழிந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் குளிகாரர் குடும்பங்கள் என்ன செய்தன, எவர் கப்பலுக்குப் போனார், எவர் துறைமுகக் கூலியானார், எவர் கொழும்பிலேயே தங்கிவிட்டார் என்பது எந்த நூலிலும் கோவையாக இல்லாத சரித்திரம். அதை அறிந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதிவு செய்தால் மட்டும் போதாது என்பதையும் செட்டியாரின் கதையே நமக்குப் போதிக்கிறது. லட்சம் மைல் அலைந்து அவர் ஆக்கிய படத்தின் தமிழ் வடிவம் பிற்காலத்தில் கிடைக்காமற் போயிற்று. ஆ. இரா. வேங்கடாசலபதி மேற்கொண்ட தேடலின் பயனாக அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவிலிருந்து மீண்டது. வ. உ. சி.யையும் 1908ஆம் ஆண்டின் திருநெல்வேலி எழுச்சியையும் ஆராய்ந்து எழுதி 2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற அதே சரித்திர ஆசிரியர்தாம் அவர். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று தங்கப்பதக்கம் பெற்று, நம் திரைக்கு இயற்கை ஒளியின் சௌந்தரியத்தைக் கற்பித்த பாலுமகேந்திரா, தம் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் மூலச்சுருள்கள் இல்லாமற் போனதை வேதனையோடு கூறி, தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக்காப்பகம் வேண்டும் என்று இறுதிக்காலம் வரை மன்றாடினார். தேசிய விருது பெற்ற படங்களுக்கே இக்கதி என்றால், மாணவன் ஒருவன் கணினியில் போட்டுவைத்துவிட்டு வேலை தேடிச் சென்னைக்குப் போகும் பதிவுகளின் கதி என்னாகும்?

ஆகவே, முத்துக்குளித்துறையில் படமெடுக்க வரும் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது மிகச் சாதாரணமான சில காரியங்கள். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை உள்ள ஊர்களிலும், வடக்கே கீழக்கரையிலும், கடைசிக் குளிப்பில் இறங்கிய பெரியவர்களை முதலில் தேடுங்கள். அவர்கள் பேச்சை அவர்கள் மொழியிலேயே, இடையில் வெட்டாமல், முழுமையாகப் பதிவு செய்யுங்கள். பார்களின் பெயர்களையும், கயிறு பிடித்தவர்களின் பெயர்களையும், எந்தத் தோணி, எந்தச் சம்மாட்டி, ஆயிரம் சிப்பி என்ன விலைக்குப் போயிற்று என்பதையும் கேளுங்கள். பதிவு செய்த நாள், இடம், பேசியவர் பெயர், அவர் தந்த அநுமதி ஆகியவற்றைத் தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்துவையுங்கள். உங்கள் குறும்படம் பத்து நிமிஷமாக இருக்கட்டும். வெட்டி ஒதுக்கிய மீதி மணிக்கணக்கான பேச்சை அழித்துவிடாதீர்கள், பிற்கால ஆராய்ச்சியாளனுக்கு உங்கள் படத்தைவிட அதுவே பெரும் நிதியாகலாம். பிரதிகளில் ஒன்றைத் தூத்துக்குடியின் பொது நூலகத்திலும், மற்றொன்றைச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையான இடத்திலும் சேர்க்க முயலுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பாக, முதற்பிரதி பேசியவரின் வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். அவருடைய பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, தாத்தா சொல்லாமல் விட்டது இன்னதென்று உங்களுக்குச் சொல்லுவார்கள், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.